மடிந்து கிடக்கும் பாறைக்குப் புதைபடிவம் எப்படி வயது சொல்லும்?

நீங்கள் கேட்டது இது: மடிப்பு மலைகளில் அடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன, சில இடங்களில் தலைகீழாகவே கவிழ்ந்திருக்கின்றன, கீழே இருப்பது பழையது என்ற விதி அங்கே செல்லாது, அப்படியிருக்க, புதைபடிவத்தை வைத்து அடுக்கின் வயதைச் சொல்வது எப்படி? அந்தப் புதைபடிவத்தின் வயதையே அடுக்கை வைத்துத்தானே சொல்கிறார்கள்? இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று செய்முறை பற்றியது. மற்றது, நீங்கள் உண்மையில் கேட்பது என்று நான் நினைப்பது, நம்பகம் பற்றியது. பாறைக்குப் புதைபடிவம் சாட்சி, புதைபடிவத்துக்குப் பாறை சாட்சி என்றால், இரண்டு சாட்சிகளும் சேர்ந்து பொய் சொன்னால் யார் கண்டுபிடிப்பது? நியாயமான சந்தேகம்தான். நான் கல்லூரியில் பாறை அடுக்கியல் நடத்தியவன், மடிந்த நிலங்களில் வரைபடம் போட்டுப் பழகியவன். புதைபடிவங்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் நிபுணன் அல்ல. அந்தப் பகுதியில் நிபுணர்கள் சொன்னதை வாங்கித்தான் சொல்கிறேன்.

முதலில் எளிய இடத்தைப் பார்ப்போம். நம் அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிரெட்டேசியஸ் கால அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. மேற்கே ஊட்டத்தூர்ப் பிரிவு, அதன்மேல் திருச்சிராப்பள்ளிப் பிரிவு, அதற்கும் மேல் அரியலூர்ப் பிரிவு. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழையதிலிருந்து புதியதற்குப் போகிறோம், வழியில் அம்மோனைட் என்ற, சுருள் ஓடுள்ள பழைய கடலுயிர்களின் இனங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. எந்த இனம் எதற்கு மேலே வருகிறது என்பதை இப்படிப்பட்ட குழப்பமில்லாத இடங்களில்தான் முதலில் எழுதிக்கொள்கிறோம். இதற்கு எந்தக் கொள்கையும் தேவையில்லை. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைக்கு நிலம் அளந்துகொண்டிருந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதைக் கவனித்து 1815 இல் வரைபடம் வெளியிட்டார். டார்வினின் நூல் வந்தது 1859 இல். ஏன் அந்த வரிசை என்று தெரியாமலே வரிசையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் மடிந்த நிலத்தில்தான். அதற்கு ஸ்காட்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சந்தேகம் அப்படியே அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய சண்டையாக நடந்தது. அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் கிரேவாக்கி என்ற சேறு கலந்த கடினமான மணற்பாறை. அதன் நடுநடுவே மெல்லிய பட்டைகளாகக் கருப்புக் களிப்பாறை, அதாவது ஷேல், எட்டிப் பார்க்கும். எல்லாமே ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது, வடகிழக்கு தென்மேற்காக நீண்டு ஓடுகிறது. குறுக்கே நடந்தால் கிரேவாக்கி, கருப்புப் பட்டை, கிரேவாக்கி, கருப்புப் பட்டை என்று மாறி மாறி வரும். இதை முதலில் அளந்தவர்கள் ஒவ்வொரு பட்டையும் தனித்தனிக் காலத்தில் படிந்தது என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கூட்டி ஆயிரக்கணக்கான மீட்டர் தடிமன் சொன்னார்கள். அந்தக் கருப்புப் பட்டைகளில் கிராப்டோலைட் என்ற, கூட்டமாக வாழ்ந்த சிறு கடலுயிர்களின் புதைபடிவங்கள் நிறையக் கிடைத்தன. ஆனால் பட்டைக்குப் பட்டை அதே இனங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், இவை நெடுங்காலம் மாறாமல் வாழ்ந்தவை, வயது சொல்ல உதவாதவை என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. பாறை வரிசையைச் சரியென்று வைத்துக்கொண்டால் அந்த முடிவுக்குத்தான் வர முடியும்.

இதை மாற்றியவர் சார்லஸ் லாப்வொர்த், நிலவியல் படித்துப் பட்டம் வாங்காதவர். கேலஷீல்ஸ் என்ற ஊரில் 1864 முதல் பள்ளி ஆசிரியர். விடுமுறை நாட்களில் மேட்டுநிலத்தில் சுற்றியவர். 1875 இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் மதராஸ் காலேஜ் என்ற பள்ளிக்கு மாறினார். பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நம் சென்னையில் அனாதைப் பள்ளி நடத்தி, மூத்த மாணவர்களே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பரப்பிய ஆண்ட்ரூ பெல் தன் சொந்த ஊரில் நிறுவிய பள்ளி அது. லாப்வொர்த்துக்குத் தோன்றியது இதுதான்: அதே இனங்கள் திரும்ப வருவதற்கு அவை நெடுங்காலம் வாழ்ந்தது காரணமாக இருக்க வேண்டியதில்லை, அதே அடுக்கே மடிந்து திரும்ப வந்திருக்கலாமே! புடவைக் கொசுவத்தை நெருக்கமாக மடித்து, அதன் மேல்விளிம்பைக் கத்தரியால் நறுக்கிவிட்டு மேலிருந்து பாருங்கள். ஒரே புடவைதான், ஆனால் வரிவரியாகப் பத்துப் புடவைகளை அடுக்கியது போலத் தெரியும். மலையைத் தேய்த்து மட்டமாக்கும் அரிப்புதான் இங்கே கத்தரி.

தோன்றினால் போதாது, காட்ட வேண்டும். மோஃபட் நகருக்கு வடகிழக்கே டாப்ஸ் லின் என்று ஓடை அறுத்த ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பக்கத்தில் பர்க்ஹில் என்ற குடிலில் தங்கி, அந்தப் பள்ளத்தாக்கின் கருப்புப் பாறையை அடுக்கடுக்காக, எந்த மெல்லிய பட்டையிலிருந்து எந்தப் புதைபடிவம் வந்தது என்று பிரித்துச் சேகரித்தார். வேறுபாடு இங்கேதான். முன்பு சேகரித்தவர்கள் ஒரு பட்டையிலிருந்து வந்ததையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டார்கள். ஒரு பட்டைக்குள்ளேயே நெடிய வரலாறு இருக்கிறது என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்ததும் கலவை கலைந்தது. அடியில் கிளென்கில்ன் ஷேல், அதில் நெமாகிராப்டஸ் கிராசிலிஸ் என்ற, சுருண்ட தண்டிலிருந்து கிளைகள் விரியும் இனம். அதன்மேல் ஹார்ட்ஃபெல் ஷேல், அதில் டைக்கிரானோகிராப்டஸ் கிளிங்கானி, ப்ளூரோகிராப்டஸ் லினியாரிஸ், உச்சிக்கு அருகே டைசெல்லோகிராப்டஸ் ஆன்செப்ஸ். அதற்கும் மேல் பர்க்ஹில் ஷேல், அதில் போகப் போக மோனோகிராப்டஸ், ராஸ்ட்ரைட்டஸ் போன்ற, ஒரு பக்கம் மட்டும் பல்வரிசை உள்ள வகைகள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ நூறு மீட்டர்தான். ஆயிரக்கணக்கான மீட்டர் தடிமன் என்று கணக்கிட்டதற்குள் இந்த நூறு மீட்டரே மறுபடி மறுபடி எண்ணப்பட்டிருந்தது. 1878 இல் இதை வெளியிட்டார். பிறகு நிலவியல் அளவைத் துறையே அந்த நிலத்தை மறுபடி அளந்தது. 1899 இல் பீச், ஹார்ன் இருவரும் வெளியிட்ட பெரிய அறிக்கை அவர் வரிசையை ஏற்றுக்கொண்டது.

இப்போது செய்முறை. கிளென்கில்னை ‘அ’, ஹார்ட்ஃபெல்லை ‘ஆ’, பர்க்ஹில்லை ‘இ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக நிற்கும் பாறையைக் குறுக்கே கடக்கிறீர்கள். புதைபடிவங்கள் இ, ஆ, அ, ஆ, இ என்ற வரிசையில் வந்தால் அது கண்ணாடிப் பிம்பம்: நடுவில் பழையது, இரு பக்கமும் புதியது, எனவே மேல்நோக்கி வளைந்த மடிப்பு. அ, ஆ, இ, ஆ, அ என்றால் கீழ்நோக்கிய மடிப்பு. இரண்டிலும் ஒரு பக்கம் நேராக இருக்கலாம், இன்னொரு பக்கம் கவிழ்ந்திருக்கலாம். பாறையின் சாய்வை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் இறுக்கமான மடிப்பில் இரண்டு பக்கமும் ஒரே திசையில்தான் சாய்ந்திருக்கும். ஆனால் அ, ஆ, இ, அ, ஆ, இ என்று வந்தால் அது பிம்பம் இல்லை, மறுபதிப்பு. மடிப்பு அதைச் செய்யாது. பாறை உடைந்து, ஒரு துண்டு இன்னொன்றின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. அ வந்த உடனே இ வந்து, நடுவில் ஆ காணாமல் போனால் அங்கேயும் ஒரு பிளவைத் தேட வேண்டும், அல்லது ஆ அங்கே படியவே இல்லையா, படிந்து அரித்துப் போனதா என்று பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: புதைபடிவம் கிடைத்ததும் வயதைக் குறிக்காதீர்கள், முதலில் வரிசையைக் குறியுங்கள். பிம்பமா மறுபதிப்பா என்ற கேள்விக்கு ஒற்றைப் புதைபடிவம் பதில் சொல்லாது.

சரி, நம்பகத்துக்கு வருவோம். டாப்ஸ் லின்னே மடிந்து உடைந்த இடம். அங்கே அ அடியில், இ மேலே என்று லாப்வொர்த் எப்படித் தீர்மானித்தார்? வரிசையைத் தலைகீழாகப் படித்திருந்தால் மடிப்பு எல்லாமே எதிர்மாறாகிவிடுமே! இங்கேதான் மடியாத இடங்கள் காப்பாற்றுகின்றன. ஸ்வீடனில் வெஸ்டெர்யோட்லாண்ட் போன்ற பகுதிகளில் அதே கால அடுக்குகள் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே கிடக்கின்றன. அங்கே எது மேலே, எது கீழே என்பதில் சண்டை போட ஒன்றுமில்லை. அங்குள்ள ஆய்வாளர்கள் கண்ட கிராப்டோலைட் வரிசை ஸ்காட்லாந்து வரிசையோடு பொருந்தியது. கடலில் மிதந்து வாழ்ந்த கூட்டுயிர்கள் என்பதால் ஒரே இனம் கண்டம் தாண்டிக் கிடைப்பது இதற்கு வசதி. ஸ்காட்லாந்துக்குள்ளேயே மேற்குக் கடற்கரையில் கிர்வன் பகுதி உண்டு. அங்கே அதே காலத்துக்குப் பல மடங்கு தடிமனான, சிப்பி வகைப் புதைபடிவங்கள் நிறைந்த பாறை, இடையிடையே கிராப்டோலைட் ஷேல். 1882 இல் லாப்வொர்த் அதையும் அளந்து பொருத்திக் காட்டினார். அப்புறம் உயிரே சம்பந்தப்படாத சாட்சியும் இருக்கிறது. கிரேவாக்கியின் ஒவ்வொரு அடுக்கும் கடலடிச் சேற்றோட்டம் கொண்டுவந்து கொட்டியது. முதலில் பருமணல் படியும், மேலே போகப் போக நுண்மணலும் சேறும். அடிப்பரப்பில் நீரோட்டம் குடைந்த பள்ளங்களின் அச்சு இருக்கும். செங்குத்தாக நிற்கும் அடுக்கிலும் அதன் மேல்முகம் எந்தப் பக்கம் என்று இவை காட்டிக்கொடுக்கும். ஆக, பாறையும் புதைபடிவமும் ஒன்றுக்கொன்று மட்டும் சாட்சி சொல்லவில்லை. வரிசை வேறோரிடத்தில் தீர்மானிக்கப்பட்டது, இங்கே பயன்படுத்தப்படுகிறது, மேல்முகம் காட்டும் தடயங்கள் அதைச் சரிபார்க்கின்றன. மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் தெரிந்துவிடும்.

வரிசை தப்பாக இருக்கலாம் என்று யாரும் யோசிக்காமல் இல்லை. இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஜோக்கிம் பாராண்ட், பழைய பாறைக்குள்ளே புதிய காலக் கிராப்டோலைட்டுகள் திட்டுத்திட்டாக இருப்பதைக் கண்டார். பின்னால் வரவேண்டிய உயிர்கள் வேறிடத்திலிருந்து முன்கூட்டியே வந்து கொஞ்ச காலம் குடியேறிப் போயிருக்கின்றன என்று விளக்கினார். ‘குடியேற்றங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். அது உண்மையாக இருந்திருந்தால் நான் மேலே சொன்ன அ, ஆ, இ கணக்கு முழுவதும் சரிந்திருக்கும். அந்தத் திட்டுகளை மறுபடி ஆராய்ந்தபோது அவை மடிப்பாலும் பிளவாலும் பழைய பாறைக்குள் செருகப்பட்ட புதிய பாறைத் துண்டுகள் என்று தெரிந்தது. ஓரிரு இனங்கள் ஓரிடத்தில் முந்தியும் பிந்தியும் தோன்றுவது நிஜம்தான். ஒரு முழுக் கூட்டமே வரிசை மாறி வந்து போவது வேறு விஷயம், அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் லாப்வொர்த் சொன்னதெல்லாம் அப்படியே நிற்கவில்லை. புதைபடிவ வரிசை நிற்கிறது. பட்டைகள் ஒன்றே என்பதும் நிற்கிறது. எல்லாவற்றையும் மடிப்பாகப் பார்த்ததுதான் குறைக்கப்பட்டது. 1950களில் மேல்முகத் தடயங்களை வரிசையாகக் குறித்தபோது விசித்திரம் ஒன்று தெளிவானது: பெரும்பாலான இடங்களில் அடுக்குகளின் மேல்முகம் வடமேற்கைப் பார்க்கிறது, அதாவது வடமேற்கே போனால் இளமையாக வேண்டும். புதைபடிவங்களோ, மேட்டுநிலத்தின் வடமேற்கு ஓரம்தான் பழைய காலமான ஆர்டோவீசியன், தென்கிழக்கே போகப் போக அதற்கு அடுத்து வந்த சைலூரியன் என்கின்றன. நேர் எதிர். இரண்டும் சரியாக இருக்க ஒரே வழி, நிலம் நீளவாட்டில் பல துண்டுகளாக உடைந்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வடமேற்கே இளமையாகி, துண்டுக்குத் துண்டு தாவும்போது தென்கிழக்கே இளமையாவது. நான் சொன்ன மறுபதிப்பு வகை இதுதான். 1977 இல் மெக்கெரோ, லெகெட், ஈல்ஸ் மூவரும் இதற்கு விளக்கம் தந்தார்கள்: இயாபெடஸ் என்ற பழைய கடலின் தரை கண்டத்துக்கு அடியில் நுழையும்போது, அதன் மேலிருந்த படிவுகள் துண்டு துண்டாகச் சுரண்டப்பட்டு ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகப்பட்டன. துண்டுகள் இருப்பதில் இன்று சந்தேகமில்லை. அந்தச் சூழல் கடல் விளிம்பிலா, எரிமலைத் தீவு வளைவின் பின்புறப் படுகையிலா என்பதில் 1980களிலிருந்து மாற்றுக் கருத்து இருக்கிறது. என் சாய்வு முதலாவது பக்கம், ஆனால் இது தீர்ந்த விஷயம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

இதே கணக்கில் இன்னொன்றும் வெளிவந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. கருப்பு ஷேல் முடிந்து கிரேவாக்கி தொடங்கும் கோடு வடமேற்கே ஆர்டோவீசியன் காலத்திலேயே வருகிறது, தென்கிழக்கே சைலூரியன் காலத்தில் வருகிறது. பாறையின் நிறம் மாறும் கோடு காலக்கோடு அல்ல. மணல் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. பாறையை வைத்தே பாறைக்கு வயது சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இதுவரை சொன்னது முன்பின் வரிசை மட்டும். எத்தனை ஆண்டு என்று புதைபடிவம் தானாகச் சொல்லாது. அதற்குச் சாம்பல் வேண்டும். டாப்ஸ் லின்னின் ஷேலுக்குள் பழைய எரிமலைச் சாம்பல் மெல்லிய களிமண் பட்டைகளாக இருக்கிறது, அதில் சிர்கான் படிகங்கள் உண்டு. அவற்றின் யுரேனியம், ஈயம் விகிதத்தை அளந்து 1990 இல் வெளியிட்ட ஆய்வில் ஹார்ட்ஃபெல்லின் ஆன்செப்ஸ் மண்டலச் சாம்பல் (மண்டலம் என்பது ஓர் இனத்தை வைத்து அடையாளம் காணும் அடுக்குப் பகுதி) 44.57 கோடி ஆண்டு, அதற்கு மேலுள்ள பர்க்ஹில் ஷேல் சாம்பல் 43.87 கோடி ஆண்டு என்று வந்தது, இருபது இலட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் கூடக் குறைய இருக்கலாம். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது இளையது. 1878 இன் வரிசையை அணுவியல் பார்த்த பரிசோதனை இது. எண்கள் வேறு மாதிரி வந்திருந்தால் நாங்கள் பாடப்புத்தகத்தை மாற்றியிருப்போம். ஆர்டோவீசியன் என்ற காலப் பிரிவையே 1879 இல் முன்வைத்தவர் லாப்வொர்த்தான். செட்ஜ்விக், மர்ச்சிசன் என்ற நிலவியலாளர்கள் இருவரும் தம் தம் பிரிவுக்கு என்று உரிமை கொண்டாடிய பாறைகளை எடுத்துத் தனிப் பெயர் கொடுத்தார். உலக அளவில் அது ஏற்கப்பட 1960 ஆகிவிட்டது. சைலூரியன் தொடங்கும் உலகக் கோடு 1980களில் டாப்ஸ் லின்னிலேயே, பர்க்ஹில் ஷேலின் அடியிலிருந்து 1.6 மீட்டர் மேலே வைக்கப்பட்டது. உடைந்து மடிந்த இடத்தில், சிப்பிப் புதைபடிவம் இல்லாத பாறையில் உலகக் கோட்டை வைக்கலாமா என்று முறையிட்டவர்களும் உண்டு. அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முறை எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கிராப்டோலைட் கருப்புச் சேற்றில்தான் தங்கும்; ஆக்சிஜன் இருந்தால் அழுகிப் போகும், புழுக்கள் கிளறிவிடும். மேல் ஹார்ட்ஃபெல்லில் பெரும்பகுதி சாம்பல் நிறச் சேற்றுப்பாறை, ஏறக்குறைய வெறுமை. சில மெல்லிய கருப்புப் பட்டைகளில் மட்டுமே ஆன்செப்ஸ் கிடைக்கிறது. எனவே ஓர் இனம் காணவில்லை என்பதற்கு அது அழிந்துவிட்டது என்று பொருளில்லை. அடுத்தது, அழுத்தம். மடிப்பு பாறையை நசுக்கும்போது உள்ளே இருக்கும் புதைபடிவமும் நசுங்கும். ஒரே இனம் இழுபட்ட திசையில் கிடந்தால் ஒல்லியாகவும் நீளமாகவும், குறுக்கே கிடந்தால் குட்டையாகவும் அகலமாகவும் தெரியும். பத்து மில்லிமீட்டரில் எத்தனை பல் என்று எண்ணித்தான் பல இனங்களைப் பிரிக்கிறார்கள் என்பதால், இது நேரடியாகத் தப்பான பெயருக்கு இட்டுச் செல்லும். ஒரே பலகையில் வெவ்வேறு திசையில் கிடக்கும் மாதிரிகளை ஒப்பிடாமல் பெயர் வைப்பவரை நம்பாதீர்கள். மூன்றாவது, பழைய பாறையிலிருந்து அரிக்கப்பட்டுப் புதிய பாறையில் மறுபடி புதைவது. மெல்லிய கிராப்டோலைட் அந்தப் பயணத்தைத் தாங்காது, அதனால் இங்கே அபாயம் குறைவு. கடினமான நுண்புதைபடிவங்களை வைத்து வேலை செய்யும்போது இது உண்மையான தலைவலி. நுட்பத்திலும் எல்லை உண்டு. ஒரு கிராப்டோலைட் மண்டலம் சராசரியாகப் பத்து இலட்சம் ஆண்டு அளவிலானது. அந்த அளவுக்குள் நடந்த எதையும் இந்த முறை பிரித்துக் காட்டாது.

இறுதியாக, சேலம், மதுரை பக்கத்து மலைகளும் மடிந்தவைதானே, அங்கே இப்படிச் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று ஊகிக்கிறேன். முடியாது. அவை ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ், சார்னோகைட் பாறைகள், எலும்பும் ஓடும் உள்ள உயிர்கள் தோன்றுவதற்கு முந்தைய வரலாறு அவற்றில் பெரும்பகுதி. இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் தங்கியிருக்காது. அங்கே சிர்கான் காலக்கணக்கும், எந்தப் பாறை எதை வெட்டிக்கொண்டு போகிறது என்ற கண் பார்வையும்தான் கைகொடுக்கும்.